தக்காளி, வெண்டைக்காய், மனுஷன்

என் சித்தப்பா பழைய கலர் டிவி ரிப்பேர் செய்பவர். அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் சேர்த்து நானே சிரித்துவிட்டேன்.

அந்தக் கால டிவியைத் தூக்க இரண்டு பேர் மூச்சுப் பிடிக்க வேண்டும். உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய். அதன் வால் பக்கம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துப்பாக்கி. மூன்றும் அளவாகச் சுட்டால் திரையில் மனுஷ முகம். ஒன்று எகிறினால் பேய். அளவு வைக்கப் பின்னாடி குட்டித் திருகுகள் இருக்கும். மற்ற மெக்கானிக்குகள் திரைக்கு எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதைப் பார்த்துக்கொண்டே திருகுவார்கள். சித்தப்பா கண்ணாடிக்குப் பதில் சித்தியை உட்கார வைத்தார்.

சின்ன வயதில் அவர் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவிதான். மேலே நீலம், கீழே பச்சை என்று ஒரு பிளாஸ்டிக் தாளை முன்னால் ஒட்டி, கலர் டிவி என்று ஊரை ஏமாற்றினார்களாம். உண்மையிலேயே ஏமாந்தது சித்தப்பா மட்டும்தான்.

சித்தி அவரிடம் முதலில் வந்ததே சண்டைக்கு. "எங்கப்பா டிவியில எல்லாரும் பச்சையா இருக்காங்க."

"சரியாத்தானே இருக்கு?"

சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திருப்புங்க. வெண்டைக்காய். இன்னும் வெண்டைக்காய். ஐயோ, தக்காளி! கொஞ்சம் பின்னாடி... நிறுத்துங்க. மனுஷன்." அந்த ஸ்டூலை விட்டு அவள் அதற்கப்புறம் எழுந்திருக்கவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம்தான் எழுந்தாள். கடைக் கதவுக்கு முதுகு வலிக்க வலிக்க அவளே சிவப்புப் பெயிண்ட் அடித்தாள். சித்தப்பா வந்து, நாலு பேர் முன்னால், "என்ன இது, சேத்தைப் பூசி வெச்சிருக்க?" என்றார்.

"கண்ணுக்குத் தெரியலைன்னா வாயை மூடிட்டாவது இருக்கலாம்ல" என்று உள்ளே போனவள்தான். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "உங்க சித்தப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அவர், "பசிக்கலைன்னு சொல்லு" என்பார். தட்டு மட்டும் காலியாகும்.

இந்த அழகில் ஒரு பல் டாக்டரின் மரப்பெட்டி டிவி வந்து நின்றது. சாயந்திரம் எடுக்க வருவார். "வர்றவங்க பயத்துல வெளுத்துப்போய் உக்காந்திருப்பாங்க. டிவியில வர்றவனாவது நல்ல கலர்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சித்தப்பா சமையல்கட்டைப் பார்த்தார். பாத்திரம் மட்டும் பேசியது. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"டேய் வாலு, விளையாடாம சொல்லணும்."

"என்ன சித்தப்பா, என்னை நம்பலையா?"

"இல்லை" என்று பெருமூச்சு விட்டுத் திருப்பினார்.

திரையில் செய்தி வாசிப்பவர் முதலில் மனுஷனாகத்தான் இருந்தார். நான், "இன்னும் கொஞ்சம்" என்றேன். சிவந்தார். "நீலமும் ஏத்துங்க." ஊதா ஆனார். சமையல்கட்டு வரை கேட்கட்டும் என்று கத்தினேன்: "அடடா! அச்சு அசல் மனுஷன்! அப்படியே டாக்டர்கிட்ட குடுத்துடலாம்!"

பாத்திரச் சத்தம் நின்றது. சித்தி எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள். பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"கத்திரிக்காய்! முழு கத்திரிக்காய்! இதைப் பாத்தா டாக்டரே ஓடிடுவார்!"

டிவிக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவின் தலை மெதுவாக எழுந்தது. அவர் பார்த்தது என்னை இல்லை.

"நகருடா" என்று சித்தி என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நீலத்தைக் குறைங்க. இன்னும். இப்போ தக்காளி. பின்னாடி, பின்னாடி... நிறுத்துங்க."

"மனுஷனா?"

"ம்."

சித்தப்பா திருப்புளியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைப் பார்த்து, "அது என்ன, தக்காளியா?" என்றார்.

"தக்காளி."

"பழுத்ததா?"

"நல்லாப் பழுத்தது."

"அப்போ நல்லாத்தான் இருக்கும்" என்றார், அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே.