பூட்டிய கழிப்பறையும் ஒரு பாட்டில் தண்ணீரும்

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், திருவொற்றியூரில் எங்கள் கண்டெய்னர் யார்டுக்குச் சுய பராமரிப்பு வந்து சேர்ந்தது. பராமரிப்பு என்ற சொல்லை அதுவரை நாங்கள் கிரேனுக்கு மட்டுமே பயன்படுத்தியிருந்தோம். மனிதர்களுக்கும் அது உண்டு என்று பயிற்சி கொடுக்க வந்த அம்மையார் திரையில் படம் போட்டு விளக்கினார். ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னார். டீசல் புகைக்கு நடுவே மூச்சை இழுக்காமல் இருப்பதில்தான் எங்களுக்குப் பழக்கம் அதிகம், இருந்தாலும் இழுத்தோம். மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியாக, தாகத்துக்குக் காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள் என்றார்.

பின்வரிசையில் ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள்.

எடைமேடையில் வேலை பார்க்கும் வியாசர்பாடிப் பெண். சரக்கு லாரிகள் எடைக்கு ஏறி இறங்கும் இடத்தில், தகரக் கூண்டுக்குள் பகல் முழுக்க அவள் ஒருத்திதான். பெண்கள் கழிப்பறை யார்டின் மறுகோடியில். போய்த் திரும்புவதற்குள் லாரி வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடும்.

"தண்ணி குடிக்கலாம் சார், அப்புறம் எங்க போறது?" என்று வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "போன மாசம் நீர்க்கடுப்புல துடிச்சுட்டேன். இப்படியே இருந்தா கிட்னி பூடும்னு டாக்டரு திட்றாரு. வேலைய வுட்டுர்லாம்னு கீறேன்."

அவள் கூண்டை ஒட்டியே நல்ல கழிப்பறை ஒன்று இருந்தது. கண்ணாடி, சோப்பு, பூப்போட்ட துண்டு. தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வந்தால் அவருக்கு. அவர் வருவதில்லை. சாவி, நிர்வாகக் கண்காணிப்பாளரான என்னிடம்.

அவளுக்குத் திறந்துவிட முறைப்படி அனுமதி கேட்டேன். தேவையின் நியாயத்தை உரிய ஆதாரங்களுடன் விளக்குமாறு பதில் வந்தது. எந்த ஆதாரத்தை இணைப்பது என்று யோசித்துவிட்டு, அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

இன்னொரு விதி இருந்தது. அறைச் சாவி தொலைந்தால் யாரையும் கேட்காமல் அன்றே பூட்டை மாற்றலாம். புதுச் சாவி, பக்கத்தில் எப்போதும் பணியில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். அதை எழுதியவனே நான்தான். ஆனால் தொலையாத சாவியைத் தொலைந்ததாக எழுத எனக்குக் கை வராது.

மறுநாள் கூண்டுக்குப் போய் அவளிடம் சாவியை நீட்டினேன். "ரூமைக் கழுவ ஆள் வரும். திறந்து விட்டுட்டு சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும். தொலைச்சுடாதம்மா."

"தொலைஞ்சா இன்னா சார் ஆவும்?"

விதியை வரி பிசகாமல் ஒப்பித்தேன். சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி சார்" என்றாள்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் வந்து நின்றாள். கைகள் ஒன்றையொன்று பிசைந்தன. முகம் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"சார், சாவி கடல்ல வுழுந்துச்சு."

"கடலுக்கு எதுக்குப் போனே?"

"ரோட்டத் தாண்டுனா கடல் தான சார். பாறை மேல நின்னு மூச்ச இழுத்து வுட்டுகினு இருந்தேன். அந்த மேடம் சொன்னாங்கல்ல, மனச லேசா வெச்சுக்கணும்னு? கையும் சேந்து லேசாயிடுச்சு."

பயிற்சி பலனளித்ததற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. விசாரணையை அத்துடன் முடித்தேன். மாலைக்குள் பூட்டு மாறியது. புதுச் சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளிடம் ஒப்படைத்தேன்.

அடுத்த நாள் காலை பெரிய பாட்டிலோடு வந்தாள். கூண்டு வாசலில் நின்று, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். மேடையில் ஏறி நின்ற லாரி ஹாரன் அடித்தது.

"யக்கா, எடையப் போடு! டைம் ஆவுது!"

"கம்முனு நில்லு நைனா! தண்ணி குடிச்சுகினு கீறேன், தெர்ல?"

மிச்சத்தையும் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சாவியைச் சுழற்றியபடி பக்கத்துக் கதவை நோக்கி நடந்தாள். பின்னால் இன்னும் இரண்டு லாரிகள் சேர்ந்துகொண்டன. என் பணிக்காலத்தில் லாரிகள் காத்து நிற்பதை நான் சந்தோஷமாக வேடிக்கை பார்த்தது அன்றுதான்.