சத்தம் போடுவது மட்டும்தான் கரண்ட் தின்னுமா?

எங்கள் வீட்டில் கரண்ட் பில் ஏறினால் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது என் தையல் மிஷினைத்தான். ஃப்ரிட்ஜ் இருக்கிறது, டிவி இருக்கிறது, தண்ணீர் ஏற்றும் பம்பு இருக்கிறது. அவற்றையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். அவை வீட்டுக்குப் பொது. மிஷின் எனக்கு மட்டும் சொந்தம். அதுவும் மோட்டார் வைத்தது. காலால் லேசாக அழுத்தினால் போதும், தெருமுனை வரை கேட்கும்.

மலைமேல் தலைச்சோலை கிராமத்தில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் நாங்கள். முன்பக்கம் என் கணவரின் அண்ணனான மச்சாண்டாரும் அவர் மனைவியும். பின்பக்கம் நாங்கள். காப்பித் தோட்டம் பொது, மிளகுக் கொடி பொது, மீட்டரும் பொது. பெரியவர் என்பதால் பில் கட்டுவது மச்சாண்டார். எதனால் ஏறியது என்று தீர்ப்புச் சொல்வதும் அவரேதான்.

நான் முன்பெல்லாம் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மிளகு பறிக்க ஏணியில் ஏறி வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போனது. சரிவில் ஏறி இறங்கும் வேலை அதோடு முடிந்தது. பழைய கால்மிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. அதை மிதித்தால் கால் வீங்கியது. ஆறு மாதம் பள்ளிக்கூடச் சீருடை தைத்துச் சேர்த்த காசில் அதற்கு ஒரு மோட்டார் வாங்கிப் பொருத்தினேன். அந்த மோட்டார் போனால் என் கையிலிருக்கும் ஒரே வேலையும் போய்விடும். அப்புறம் ஒரு ரவிக்கைத் துணிக்குக்கூட யாரிடமாவது கை நீட்ட வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்க ஆள் வருவார். மச்சாண்டார் கரண்ட் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பார். வந்தவர் எண்ணைச் சொன்னதும் இவர் சிரித்துக்கொண்டே, "பின்னாடி மிஷினுக்கு மோட்டார் போட்டிருக்குதுங்க, அதானுங்க" என்பார். அந்த ஆளும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டு போவார். உள்ளே உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு ஊசியைத் துணியில் குத்துவதா வேறெங்காவது குத்துவதா என்று வரும்.

அந்தக் கோடையில் பில் எகிறியது. மச்சாண்டார் சிக்கனத்தில் இறங்கினார். வீட்டில் இருந்த பல்பையெல்லாம் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார். குளியலறை ஹீட்டரின் ஒயரைப் பிடுங்கினார். வெந்நீருக்கு மறுபடி விறகு அடுப்பு. இஸ்திரிப் பெட்டி வாரத்துக்கு ஒரு நாள். மிக்ஸியையும் விடவில்லை, சட்னி அம்மிக்குப் போனது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஒருநாள் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்த மிச்சம் புடிக்கறதுல எனக்குத் தோளே கழண்டு போச்சு கண்ணு" என்றார்.

இத்தனைக்குப் பிறகும் அடுத்த பில் இம்மியும் இறங்கவில்லை. மச்சாண்டார் அட்டையைக் கையில் பிடித்தபடி நேராகப் பின்பக்கம் வந்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் நிறுத்திப் பாத்தாச்சு. இனி இது ஒண்ணுதான் பாக்கி. மோட்டாரக் கழட்டிப்போட்டுக் காலாலயே மிதியேன். எங்கம்மா மிதிக்கலியா?"

என் கணவர் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேசும்போதெல்லாம் அவருக்குச் செருப்பில் ஏதோ ஒரு வேலை இருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அளவில்லை. ஆனால் அழுதால் தோற்றேன் என்று தெரியும். எழுந்து நின்றேன்.

"சரிங்க மாமா. ரெண்டு மாசம் மோட்டாரக் கழட்டிப் பரண்மேல வெச்சர்றேன். பில்லு கொறஞ்சா வித்துப்போட்டுப் பணத்த உங்க கையில குடுக்கறேன். கொறையலீன்னா, அதுக்கப்பறம் என்ற மிஷினப் பத்தி இந்த ஊட்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"அப்படியே ஆவுட்டும்" என்றார்.

ஆடி பிறந்த சமயம் அது. அதே வாரம் மூடுபனியும் இறங்கியது. எங்கள் மலையில் பனி இறங்கினால் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறிவிடும். துணி காயாது, உப்பு கசியும், செருப்பின் மேல் பச்சை பூக்கும். வருடா வருடம் செய்வதைப் போல மச்சாண்டார் தன் பீரோவுக்குள் ஒரு பல்பை மாட்டினார். மிளகு மூட்டை வைத்திருக்கும் அறையில் ஒன்றை மாட்டினார். ஊரார் தைக்கக் கொடுத்த துணி என் அலமாரியில் இருந்ததால் நானும் ஒரு பல்பைக் கேட்டு வாங்கி மாட்டினேன். பிறகு மோட்டாரைப் பரண் மேல் ஏற்றிவிட்டு மிதிக்க உட்கார்ந்தேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்க வேண்டிய நேரம். ஒரு ரவிக்கை முடிப்பதற்குள் கால் கெஞ்சும். இரண்டாவதை எடுத்தால் முட்டி பூசணிக்காய் போல வீங்கும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொள்வேன். "விட்டுத்தொலையேன், அண்ணங்கிட்ட நான் சொல்றேன்" என்றார் கணவர். "நீங்க செருப்பப் பாருங்க" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் கணக்கெடுப்பவர் வந்தார். அன்றைக்கு நானும் நொண்டிக்கொண்டே போய் மீட்டர் பக்கத்தில் நின்றேன். அவர் எண்ணைச் சொன்னார். போன தடவையைவிடக் கூட!

நான் மச்சாண்டாரின் முகத்தையே பார்த்தேன். நியாயப்படி எனக்கு அங்கே ஒரு வார்த்தை வர வேண்டும். அவரோ மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டரு கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றார். என் மோட்டார் குற்றவாளியாக இருந்தவரை மீட்டர் நல்ல மீட்டர். மோட்டாருக்கு விடுதலை கிடைத்ததும் மீட்டர் கெட்டுவிட்டது. இதை இப்படியே விட எனக்கு மனமில்லை.

மறுநாள் அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கரண்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மீட்டர டெஸ்ட் பண்ண எழுதிக் குடுங்க, பாக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. ஊட்ல எல்லாச் சுச்சையும் ஆஃப் பண்ணிப்போட்டு மீட்டரப் பாருங்க. அதுல செவப்பு லைட்டு ஒண்ணு கண்ணடிக்கும். எல்லாத்தையும் நிறுத்தியும் கண்ணடிச்சா மெயின ஆஃப் பண்ணிப் பாருங்க. அப்ப நின்னுச்சுன்னா உங்கூட்டுக்குள்ளதான் ஏதோ கரண்ட் எடுக்குதுன்னு அர்த்தமுங்க."

அதோடு விடவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் பேனாவால் படிக்கட்டு போல ஒரு படம் போட்டார். முதல் நூறு யூனிட் சும்மா. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை கூடும். ஓரளவைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் கையைவிட்டுப் போய்விடும். "நீங்க பாதி கொறச்சா பில்லும் பாதியாகும்னு நெனைக்கறீங்க. அப்படி இல்லீங்க. எந்தப் படியில நிக்கறீங்கங்கறதுதான் கணக்கு" என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் பத்தாவதைத் தாண்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லோரையும் கூப்பிட்டேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்தோம். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினோம். வீடு அமைதியாகிவிட்டது. நான்கு பேரும் மீட்டர் முன்னால் போய் நின்றோம்.

சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"நாந்தான் சொன்னனே, மீட்டரு கோளாறுன்னு" என்றார் மச்சாண்டார். நான் எட்டி மெயினை இறக்கினேன். விளக்கு நின்றது. ஏற்றினேன். மறுபடி கண்ணடித்தது. இறக்கினேன், ஏற்றினேன். மூன்றாவது தடவை இறக்கும்போது அக்கா மெதுவாக, "ஏனுங்க, நம்ம பீரோ பல்பு?" என்றார்.

மச்சாண்டார் சிரித்தார். "அது என்ன லைட்டா? அது பனிக்குப் போடறது."

சொல்லிவிட்டு அவரே நின்றார். நானும்தான் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கும் அது விளக்காகத் தோன்றியதே இல்லை. வெளிச்சத்துக்குப் போட்டால்தான் விளக்கு. இது துணிக்கும் காகிதத்துக்கும் போடுவது. கதவைச் சாத்தினால் கண்ணில் படாது. ஆடியில் மாட்டினால் தையில்தான் கழற்றுவோம். இடையில் அணைக்க முடியாது, ஏனென்றால் அதற்குச் சுவிட்சே கிடையாது. சுவிட்ச் இருந்தால் யாராவது மறதியாக அணைத்துவிடுவார்கள் என்று மாமனார் காலத்திலேயே பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை நேராகக் கொடுத்துவிட்டார்கள். மிளகு அறையிலும் அப்படி, என் அலமாரியிலும் அப்படி.

போய்ப் பீரோவைத் திறந்தோம். கோழி அடைகாத்த இடம் போல உள்ளே கதகதவென்று இருந்தது. அறுபது வாட் குண்டு பல்பு. எல்இடி சூடாகாது என்பதால் இதற்கு மட்டும் மச்சாண்டார் ஒண்டிக்கடை பஜாருக்குப் போய்ச் சொல்லிவைத்துப் பழைய பல்பு வாங்கி வருவார். வீடெல்லாம் எல்இடி மாட்டிய அதே கையால்தான் இதையும் மாட்டியிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து அட்டையின் பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு பல்பு இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்தில் எண்பது யூனிட்டுக்கு மேல். மூன்று பல்புக்கு இருநூற்று ஐம்பதைத் தாண்டியது. என் மோட்டார் நூறு வாட். ஆனால் நான் அழுத்தும்போது மட்டும்தான் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். நாளெல்லாம் தைத்தாலும் ஓடுவது மொத்தம் மூன்று மணி நேரம். இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட்கூட வரவில்லை. ஒரு பல்புக்குக் கால்வாசி! கோடையில் பில்லை ஏற்றியது, தண்ணீர் கீழே போனதில் நாளெல்லாம் ஓடிய பம்பு; ஆடியில் அது ஓய்ந்ததும் அந்த இடத்துக்குப் பல்பு வந்துவிட்டது. ஹீட்டரிலும் மிக்ஸியிலும் அக்காவின் தோளிலும் என் முட்டியிலும் மிச்சம் பிடித்ததையெல்லாம் சத்தமே போடாத மூன்று பல்புகள் தின்றுவிட்டு, எங்களை அதே உயரமான படியில் நிறுத்தி வைத்திருந்தன.

முதலில் என் அலமாரி பல்பைக் கழற்றினேன். ஊரார் துணியை அடுப்படிக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டேன். பிறகு முன்பக்கம் போய், "உங்க ரெண்டையும் கழட்டுங்க மாமா" என்றேன்.

அவர் பீரோவுக்குள் கையை நீட்டினார். பல்புக்குக் கீழே துணிப்பையில் நிலத்துப் பட்டா இருந்தது. முன்பொரு வருடம் பல்பு ஃப்யூஸ் ஆனதைக் கவனிக்காமல் விட்டதில் அதன் ஓரமெல்லாம் பூசணம் தின்றிருந்தது. அவர் கை அப்படியே நின்றது.

"நொம்பக் கெட்டுப்போயிரும்மா" என்றார். இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "மொளகும் பூத்துப்போயிரும்."

எனக்கும் அது புரிந்தது. எங்கள் நிலம் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. ஆனால் புரிந்துகொண்டதற்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

"எரியட்டுங்க மாமா. நான் வேண்டாங்கல. ஆனா அது பட்டாவுக்கும் மொளகுக்கும் வர்ற பில்லு. என்ற மோட்டாருக்கு வர்ற பில்லு இல்ல. ரெண்டு வருசமா வர்ற போற ஆளுகிட்டயெல்லாம் என்ற பேரச் சொன்னீங்க. அதே வாயால இதையுஞ் சொல்லோணும்."

அவர் பீரோவை மெதுவாகச் சாத்தினார். அன்று சாயங்காலம் என் கணவர் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, நான் கேட்காமலேயே பரண் மேலிருந்து மோட்டாரை இறக்கிக் கொடுத்தார். அக்கா மிக்ஸியைத் துடைத்து மறுபடி மேடையில் வைத்தார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஐப்பசியில் தீபாவளித் துணி மலையாகக் குவிந்திருந்த ஒரு காலையில் கணக்கெடுப்பவர் வந்தார். நான் எழுந்து போகவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. பில் கொஞ்சம் இறங்கியிருந்தது, நாங்கள் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை. கழற்றியது ஒரு பல்பு, இன்னும் இரண்டு எரிகின்றன. கணக்கெடுப்பவர் பழைய ஞாபகத்தில், "இன்னுமே ஜாஸ்திதானுங்க. மோட்டார் ஓடுதாட்ட இருக்குதுங்க?" என்று கேட்டார்.

என் கால் அழுத்தியபடியே இருந்தது.

"மிஷினு இல்லீங்க" என்றார் மச்சாண்டார். "எங்க பீரோவும் மொளகு ரூமுந்தானுங்க."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தது. எனக்கு இரண்டு மாத முட்டி வலி ஞாபகத்துக்கு வந்தது. காலை எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"என்னங்க மாமா சொன்னீங்க? மோட்டாரு சத்தத்துல ஒண்ணுங் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!"

வெளியே மச்சாண்டார் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருமுனை வரை கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.