நாலு வீட்டு மருந்து, ஒரு வயிறு

குலேந்திரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்துக் குவளையிலிருந்து தொடங்குகிறார். முதலாவது, மனைவி யோகமலர் இரவே ஊறவைத்த வெந்தயம். அடுத்தது மேரிசெலின் தந்த கறுவாப்பட்டையை அவித்த தண்ணீர். மூன்றாவது, துவாரகன் ஊருக்குப் போய்வந்தபோது கொண்டுவந்த சிறுகுறிஞ்சா இலைத் தூள். கடைசியில் பவளராணி இடித்துத் தந்த நாவற்கொட்டைத் தூள், சுடுதண்ணீரில் கரைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகம் வைத்திருக்கிறார். நாவற்கொட்டைக்கு வைக்கும் முகத்தைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. "ஹா... நல்ல சாமான்!" என்று குவளையைக் கவிழ்த்துவிட்டு, டாக்டர் எழுதித் தந்த குளிசையையும் விழுங்கிக்கொண்டு வேலைக்குப் புறப்படுவார்.

வேலை, கோல்டிங் நகரில் பஸ் ஓட்டுவது. டென்மார்க் தட்டையான நாடு என்பார்கள். கோல்டிங்கில் மட்டும் தெருக்கள் ஏறி இறங்கும். அந்த ஏற்றங்களில் நீளமான பஸ்ஸை, நிற்கிற கிழவிகூடக் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லாதபடி கொண்டுபோவதில் அவருக்குத் தனிப் பெருமை. சீருடையைத் தானே அயன் பண்ணுவார். மீசைக்கு மை போடுவார். "என்ர பஸ்" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லும்போது கம்பெனிக்காரரின் பெயர் பஸ்ஸின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதியிருப்பதை அவர் பொருட்படுத்துவதில்லை.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது ஐந்தாறு வருடத்துக்கு முன். நம்மவர்கள் வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டார்கள். மற்ற வருத்தமென்றால் பிஸ்கட்டும் திராட்சையும் வாங்கிப்போகலாம். சீனி வருத்தக்காரருக்கு என்ன கொண்டுபோவது? மேரிசெலினும் துவாரகனும் பவளராணியும் ஆளுக்கொரு மூலிகையோடு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் வந்தார்கள், அதில்தான் வில்லங்கம்.

கூட வேலைசெய்யும் டேனிஷ்காரர் பிறந்தநாள் கேக்கை நீட்டினால் குலேந்திரன் டேனிஷில் "நய், தக்" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். ஆனால் ஒரு தமிழ் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வாங்கி வைத்துவிட்டுக் குடித்ததாகச் சொல்லலாம்தானே என்றால், தந்தவர்கள் எல்லாரும் அவருடைய பஸ்ஸில் ஏறுகிறவர்கள். பவளராணி முதியோர் இல்லத்து வேலைக்குக் காலை பஸ்ஸில்தான் போவாள். ஏறிப் பயண அட்டையைத் தட்டுமுன்னரே கேட்பாள்.

"என்ன அண்ணை, குடிச்சனீங்களே?"

"ஓம் தங்கச்சி, குடிச்சிட்டன்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் உண்மையாகவே குடித்தார்.

பழைய டீசல் பஸ் இருந்த காலத்தில் பரவாயில்லை. அது போட்ட சத்தத்தில் மனிதனின் வயிற்றுச் சத்தம் எங்கே கேட்கும்? கம்பெனி மின்சார பஸ்ஸுக்கு மாறியதோடு குலேந்திரனின் மானம் தெருவுக்கு வந்தது. சிவப்பு விளக்கில் பஸ் மூச்சுக் காட்டாமல் நிற்கும். அந்த அமைதியில் வெந்தயமும் நாவற்கொட்டையும் உள்ளே சண்டை தொடங்கும். ஒருநாள் முன் இருக்கையில் இருந்த டேனிஷ் மூதாட்டி எட்டிப் பார்த்து, "பஸ்ஸில் ஏதோ கோளாறு, கீழே முனகுகிறது, சொல்லிவிடுங்கள்" என்றாள். "பஸ் இல்லை, நான்தான்" என்றார் குலேந்திரன். அவள் ஆஸ்பத்திரித் தரிப்பு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். அவரும்தான்.

சிரித்து முடிக்க முடியாத நாளும் வந்தது. நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி, "இரண்டு நிமிடம்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, தெருக்கரைப் பெற்றோல் நிலையத்துக் கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது பஸ் நிறைய ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனேஜர் நல்ல மனிதர். தோளைத் தட்டித்தான் சொன்னார். ஆனால் சொன்னது இதுதான்: இது தொடர்ந்தால் ஓட்டத்தை விட்டு, டிப்போவுக்குள் பஸ் கழுவும் வேலைக்கு மாற்ற வேண்டிவரும்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. யோகமலர்தான் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு டாக்டரின் தாதியிடம் போனாள். "என்னென்ன எடுக்கிறீர்கள்?" என்று தாதி கேட்க, குலேந்திரன் குளிசையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். யோகமலர் நாலு குவளையையும் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தாள்.

தாதி பேனையைக் கீழே வைத்தாள். சீனி வருத்தத்தில் சிலருக்கு இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும், குளிசையும் கொஞ்சம் வயிற்றைப் புரட்டும், அதற்கு மேல் இத்தனையையும் வெறுவயிற்றில் ஊற்றினால் அது என்னதான் செய்யும் என்றாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். "குளிசையோடு இவையும் சேர்ந்து, பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வந்தால்?"

காலையில் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் குலேந்திரனின் காதில் கேட்டது. அடுத்த இரத்தப் பரிசோதனை வரைக்கும் குளிசை மட்டும், அதுவும் சாப்பாட்டோடு. மற்றதெல்லாம் நிற்கவேண்டும் என்று தாதி சொல்ல, "நிப்பாட்டுறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் கேட்டவர்களுக்குச் சொல்ல இப்போது அவருக்கு ஒரு கவசம் கிடைத்திருந்தது. "தாதி மறிச்சுப்போட்டா. சோதினை முடியுமட்டும் ஒண்டும் குடிக்கக்கூடாதாம்." எல்லாரும் அடங்கினார்கள். யோகமலரும், "வெந்தயம் இனிக் குழம்புக்குள்ள மட்டும்தான்" என்று போத்தலை மீன்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பாகற்காய்க் கறி மதியச் சாப்பாட்டில் ஒரு கரண்டி வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஃபியோர்ட் கடற்கழிக் கரை வரைக்கும் நடந்தார்கள். மெல்ல மெல்ல வயிறு வாயை மூடியது. சிவப்பு விளக்கில் மின்சார பஸ்ஸின் உண்மையான அமைதியைக் குலேந்திரன் முதன்முறையாகக் கேட்டார். அது அவருக்கு எவ்வளவு பிடித்தது என்றால், பச்சை விழுந்தும் ஒருதரம் அப்படியே இருந்துவிட்டார். பின்னால் ஹோன் அடித்தார்கள்.

பரிசோதனை முடிவும் நல்லதாகவே வந்தது. சீனி இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு இன்சுலின் ஊசி தேவையில்லை, இதே வழியில் போங்கள், வேறெதையும் சேர்க்காதீர்கள் என்றாள் தாதி. செய்தி அன்றைக்கே ஊரெல்லாம் பரவியது. "பாத்தியளே, என்ர கறுவாப்பட்டை முந்திக் குடிச்சது இப்பதான் வேலை செய்யுது" என்றாள் மேரிசெலின். "ஓம் ஓம்" என்றார் குலேந்திரன். சிறுகுறிஞ்சாதான் என்று துவாரகன் தொலைபேசியில் அடித்துச் சொன்னான். அதற்கும் ஓம்தான். யோகமலர் தலையில் அடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, ஆருக்கெண்டாலும் ஒருக்கா இல்லையெண்டு சொல்லுங்கோவன். பிறகு டிப்போவில வாளியும் துணியும்தான்."

"அவையள் ஆசையாத் தாறது. மனம் வருமே?"

அடுத்த நாள் காலை மழை தூறியது. தரிப்பில் பவளராணி நின்ற நிற்பிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கதவு திறந்ததும் ஏறி, ஈரக்கையோடு ஒரு பெரிய போத்தலை நீட்டினாள். விளிம்பு வரைக்கும் தூள்.

"சோதினைதான் முடிஞ்சுதே அண்ணை. இந்தமுறை நல்லாக் காயவைச்சு இடிச்சனான். என்ர மனுசனுக்குக்கூட இவ்வளவு குடுக்கேல்லை."

அவளுக்குப் பின்னால் ஏற ஆட்கள் காத்திருந்தார்கள். குலேந்திரன் போத்தலிலிருந்து கண்ணை எடுத்து வெளியே பார்த்தார். வலப்பக்கக் கண்ணாடியில் பள்ளிக்கூடப் பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, இருக்கையை விட்டு எழுந்து போத்தலை வாங்கினார். கோயில் பிரசாதம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதைப் பவளராணியின் தோள்பைக்குள்ளேயே பக்குவமாக இறக்கி, பையின் ஸிப்பை மெல்ல, கடைசிவரைக்கும் இழுத்து மூடினார்.