இறங்க மாட்டேன் என்ற கண்டக்டர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு விவாகரத்து ஆனது. அதன் பிறகு என் ஐந்து வயது மகள் யார் கிட்டே வந்தாலும் கடிக்க ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பாவிடம் விட வேண்டும்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் பானை வயிறும் முறுக்கு மீசையுமாக இருப்பார். விசிலை வாயோரம் கவ்விக்கொண்டேதான் பேசுவார். ஒரு ஞாயிறு, பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் இவள் கம்பியைக் கட்டிக்கொண்டு, "எறங்க மாட்டேன்" என்று அலறினாள். தூக்கப் போன என்னைக் கடித்தாள். எனக்கு அழுகை முட்டியது.

கண்டக்டர் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப நானும் எறங்க மாட்டேன்."

டிரைவர் திரும்பினார். "என்னண்ணே, டீ குடிக்க வரலையா?"

"வரலைலே. இனி இதுதான் எங்க வீடு. யாரும் ஏறக் கூடாது."

"அப்ப நானும் இங்கனதான்" என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கீழே ஏற நின்ற கூட்டம் கத்தியது. மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள். "எல்லாரும் நிக்காகல்ல, எறங்குங்க!" என்று அதட்டி, கண்டக்டரைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் "மாட்டேன், மாட்டேன்" என்று சிணுங்கிக்கொண்டே அவள் பின்னால் இறங்கினார். கீழே காத்திருந்த அவள் அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். கோர்ட் படி ஏறியதிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை.

அவள் கடிப்பது உடனே நிற்கவில்லை. அதற்கு மாதங்கள் ஆயின. ஆனால் ஞாயிறு வந்தால் எனக்கு முன்னே செருப்பு மாட்டி நின்றாள். அந்த மனிதரை இறக்கிவிட வேண்டுமே! எங்கள் கதை அவருக்குத் தெரியுமா, இல்லை வெறும் விளையாட்டா? ஒவ்வொரு வாரமும் கேட்க நினைப்பேன். பஸ்ஸுக்குள் அவர்கள் போடும் கும்மாளத்தில் மறந்தே போகும்.