பிரவுன் அட்டையில் பென்சில்

எண்பதுகளின் நடுவில், சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு நூலகர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் உண்டு. கணவர் வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு நடந்துகொண்டிருந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் அந்தக் கையெழுத்தின் மேலேயே எனக்குக் கண்.

நூலகம் என்றால் மூன்று கண்ணாடி பீரோக்கள். முதல் நாள் திறந்து பார்த்ததும் தலை சுற்றியது. பாட நோட்டுக்குப் போடுவது போல எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் அட்டை போட்டிருந்தார்கள்! இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டுமாம். தலைமையாசிரியை உத்தரவு. முதுகில் ஒரு எண், அவ்வளவுதான். பெயரும் கிடையாது, படமும் கிடையாது.

"அட்டையில ஒரு கீறல் இருந்தாலும் நீங்கதான் பொறுப்பு. அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று என்னிடம் சொல்லியும் விட்டார்.

நானோ நூலகப் படிப்பில் எண் போடக் கற்றவள். கதை அதிகம் படித்ததில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், கைக்கு அகப்பட்டதைக் கொடுப்பேன். அடுத்த வெள்ளி அது மடிப்புக் கலையாமல் திரும்பி வரும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். அவள் அம்மா பல்லாவரம் சந்தையில் பிளாஸ்டிக் சாமான் விற்பவர். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா டீச்சர், எல்லாம் ஒரே மாதிரி கீது? உள்ள இன்னா கீதுன்னு தெரியாம எப்டி எடுக்கறது? எங்கம்மா இப்டி மூடி வெச்சா சந்தைல ஒரு பக்கெட்டு போவுமா?"

அட்டையை உரித்தால் தலைமையாசிரியை என் தோலை உரித்துவிடுவார். எரிச்சலோடு சொன்னேன்: "அப்போ நீயே படிச்சுட்டு வந்து எல்லாருக்கும் சொல்லு."

அவள் சொல்லவில்லை, எழுதிவிட்டாள். அடுத்த வாரம் அவள் நீட்டிய புத்தகத்தின் பின் அட்டையில் பென்சிலில் கொட்டை எழுத்து: "பேய் வரும். ஆனா நல்ல பேய்." திட்ட வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்றவள் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அதை இன்னொருத்தி இழுத்தாள். என் நூலகத்தில் ஒரு புத்தகத்துக்குச் சண்டை! வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் யாரைத் தடுக்க? "ஆரம்பம் செம அறுவை. தாண்டிட்டா சூப்பர்." "கடைசியில நாய் செத்துடும். நாய் வளர்க்கறவங்க எடுக்காதீங்க." "பரீட்சை சமயத்துல தொடாதே." அட்டைகளைப் பார்த்து நானும் ஒவ்வொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். எனக்குப் படிக்கும் பழக்கம் வந்ததே அந்தப் பிள்ளைகளால்தான். இன்றும் ஒரு நல்ல புத்தகத்தை முடிக்கும்போது அவர்களுக்கு மனசார நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டார். அவர் ஒரு புத்தகத்தை எடுத்தார், பின்பக்கம் திருப்பினார். பிறகு இன்னொன்று. பிறகு அந்த வரிசை முழுவதையும். வேலை போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

"நான்தான் எழுத விட்டேன், மேடம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் கணக்கு டீச்சர். கதைப் புஸ்தகம் எதையும் முழுசாப் படிச்சதில்ல" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இதுல நான் எதை எடுக்கறது?"

எட்டாம் வகுப்புக்காரி முன்னால் வந்தாள். "உங்களுக்குச் சிரிக்கணுமா டீச்சர், அழுவணுமா?"

"சிரிக்கவே குடும்மா. அழறதுக்கு எனக்குப் புஸ்தகம் வேண்டாம்."

அவள் நேராக நடு பீரோவுக்குப் போய் ஒன்றை உருவிக் கொடுத்தாள். தலைமையாசிரியை அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பென்சில் எழுத்தை யாரும் அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். என் அடுத்த வருஷ உத்தரவில் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார்.