பதினைந்து கூட்டி எழுதிய கடல்

உளவாளிப் படம் ஓடுகிற வீட்டில் நான் உட்காருவதில்லை. கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவன் மாடி விட்டு மாடி தாவுவான், எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். எங்களை உளவாளிகள் என்று பிடித்த காலையில் என் மச்சான் மீன் செதில் ஒட்டிய கைலியோடு உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஈராக் யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வளைகுடாவில் எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் இன்றும் அங்கே பிழைக்கிறார்கள். நாங்கள் கன்னியாகுமரிக் கடற்கரை. மச்சான் என் அக்காவின் கணவர், தம்மாமில் நான்கு வருஷம் கிடந்துவிட்டு அந்த நாட்டுக்கு வந்து ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சை ஓட்டினார். நான் அதில் தூண்டில்காரன். துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்த நாட்களில் இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும் பொறுக்கி வைத்திருந்தேன். மச்சானுக்குத் தமிழ் மட்டும்தான், அதுவும் கோபம் வந்தால்தான் முழுதாக வரும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைத் திட்டைப் பார் என்போம். ஒரு பாரைக் கண்டுபிடித்தவன் செத்தாலும் அந்த இடத்தை அடுத்தவனுக்குச் சொல்லமாட்டான். மச்சான் இரண்டு வருஷம் அலைந்து ஒரு பாரைக் கண்டுபிடித்தார். கலவா மீன் கொட்டுகிற பார். அதன் எண்ணை ஜிபிஎஸ் மெஷினில் வைத்தால் அடுத்த லாஞ்சுக்காரன் எட்டிப் பார்ப்பான் என்று ஒவ்வொரு தடவையும் அழித்துவிடுவார். ஒரு நோட்டில் மட்டும் எழுதிவைத்தார், அதுவும் நேராக இல்லை. வடக்கு எண்ணின் நிமிஷக் கணக்கில் பதினைந்து கூட்டித்தான் எழுதுவார், ஒரு நிமிஷம் ஒரு கடல்மைல். ஆகஸ்ட் பதினைந்து எங்கள் ஊர் மாதா திருவிழா நாள். நோட்டைத் திருடுகிறவன் பதினைந்து கடல்மைல் தள்ளிப் போய் வெறும் தண்ணீரில் தூண்டில் போட்டுச் சாகட்டும் என்று சிரிப்பார். இந்தக் கணக்கை எனக்கு மட்டும் சொன்னார். அதற்கு முன் என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எண்ணுக்குக் கீழே படமும் வரைந்திருந்தார். கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிப்பது எங்கள் அப்பன் பாட்டன் வழி. ஊரில் கோயில் கோபுரத்தையும் மலையையும் வைத்துப் பார்ப்போம். அங்கே எரிவாயுக் கம்பெனியின் உச்சியில் நெருப்பு எரிகிற தீக்குழாயும் தண்ணீர் டாங்கும்தான் இருந்தன. மச்சான் அவற்றை அழகாகவே வரைந்திருந்தார்.

அந்த வீணாய்ப்போன நோட்டோடுதான் போலீஸ்காரர்கள் எங்களைத் தூக்கினார்கள். துறைமுகத்து ரூமின் கதவை உதைத்துத் திறந்தார்கள். சோற்றுச் சட்டி சுவரில் போய் மோதியது. மச்சானின் கழுத்தில் ஒருவன் முழங்காலை ஊன்றினான், நான் எழுந்திருக்கப் பார்த்தபோது துப்பாக்கிக் கட்டை விலாவில் இறங்கியது.

பதினைந்து கூட்டிய இடத்தில் என்ன இருந்தது என்பதை அவர்கள் அறையில்தான் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் நங்கூரமிடுகிற இடம் அது. அதன் எண், எரிவாயுக் கம்பெனியின் படம், எல்லாம் அழித்த ஜிபிஎஸ். நானே போலீஸாக இருந்தாலும் எங்களைத்தான் பிடித்திருப்பேன்.

மதியத் தொழுகை முடிந்ததும் விசாரணை தொடங்கும். அந்த ஊர் ஆபீஸர் இந்தியில் கேட்பான், நான் தமிழில் மச்சானுக்குச் சொல்ல வேண்டும், அவர் பதிலை இந்தியில் திருப்ப வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் ரப்பர் குழாய். பாதத்தில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் மச்சானின் உடம்பு நாற்காலியோடு துள்ளும். துள்ளல் அடங்கியதும் ஆபீஸர் என்னைப் பார்த்து, “யல்லா, ஜல்தி போலோ”, ம், சீக்கிரம் சொல்லு, என்பான். அடியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் நேராகப் போய்ச் சேர்ந்தது.

“நோட்டுல உள்ளது என்ன எண்ணுன்னு கேக்கான் மச்சான்.”

“சொல்லாத மக்கா. நம்ம பாரைக் கேக்கானுவ.”

“பாரு இல்ல மச்சான், வேவு பாத்தோமாம். கப்பலை வேவு பாத்தோமாம்!”

“நீ ஒரு மண்டன். எதுத்த லாஞ்சுக்க மொதலாளி, அந்த கபீல் ஏவிவிட்ட ஆளுவளாக்கும் இவனுவ. நம்ம கலவா அவனுவ கண்ணை உறுத்துது. செத்தாலும் சொல்லப்பிடாது கேட்டியா.”

எவ்வளவு சொல்லியும் அந்த மனுஷன் நம்பவில்லை. உலகத்தில் ஒருவனை இப்படிப் போட்டு அடிக்கக் காரணம் ஒரு பார்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். இரண்டாம் நாள் ஆபீஸர் அவர் இடது காதில் உள்ளங்கையால் அறைந்தான். ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. அதன்பின் நான் வலது காதுப் பக்கம் போய்க் கத்த வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வலது கையின் இரண்டு விரல்களைப் பின்னுக்கு வளைத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் இருந்த இடத்திலேயே மூத்திரம் போனேன். மச்சான் மாதாவைக் கூப்பிட்டார், ஆனால் பதினைந்தைச் சொல்லவில்லை. எனக்கு ஆபீஸர்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் மச்சான்மேல் வந்தது.

அறையின் மூலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். அவர் யாரையும் அடிக்கவில்லை, இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டிருப்பார். தன் நாட்டின் வெளிநாட்டு உளவுத்துறையில் இருந்து ரிட்டயர் ஆகி அங்கே ஆலோசகராக வந்தவர். மூன்றாம் நாள் மச்சான் மயங்கிக் கிடந்தபோது எனக்கு ஒரு மிட்டாய் நீட்டினார், எனக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார்.

அவருடைய துறை இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் தொடங்கியதாம். கையில் ஆளும் இல்லை, மெஷினும் இல்லை. முதலில் சேர்த்தது மீன்காரர்களைத்தான் என்றார். எதிரியின் துறைமுகத்துக்குள் சந்தேகமில்லாமல் போய்வருகிறவன் அவன் ஒருவன்தானே. எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று மீன் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். யுத்தம் முடிந்தது. அடுத்து ரஷ்யாவோடு பகை வந்தபோது அதே வேலையை ஏரியல் வைத்த மீன்பிடிக் கப்பல்கள் செய்தன. பிறகு வானத்தில் சுற்றுகிற கேமரா வந்ததும் புதிய அதிகாரிகள் படகுகளை மறந்துவிட்டார்கள், தான் மறக்கவில்லை என்றார். சொந்த வீட்டுக் கதையைச் சொல்கிற பெருமை அவர் குரலில் இருந்தது.

யுத்தத்தில் எதிரியிடம் மாட்டிய ஒரு மீன்காரனின் நகங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்களாம். அவன் வாயைத் திறக்கவே இல்லை. துறையில் சேருகிற புதியவர்களுக்கு இன்றும் அவன் கதையைத்தான் முதலில் சொல்கிறார்களாம். மச்சானைக் காட்டி, “சாதாரண மீன்காரன் முதல் அடியிலேயே எல்லாம் சொல்லிவிடுவான். இவன் மூன்று நாளாகச் சொல்லவில்லை. அதனால்தான் இவன் யார் என்று எனக்குத் தெரியும்” என்றார்.

மிட்டாயைத் துப்பினேன். மச்சான் வாயை மூட மூட அது அவருக்கு எதிரான சாட்சியாகிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அக்காவுக்குச் சவப்பெட்டிதான் போகும். மச்சான் தலையில் வைத்துச் சத்தியம் செய்த என் கையை ஒருமுறை பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து, மாதா திருவிழா, தீக்குழாய், டாங்கு, கலவா, எல்லாம்.

ஆபீஸர் நம்பவில்லை. மறுநாள் காலை என்னை விலங்கோடு ரோந்துப் படகில் ஏற்றினார்கள். கிழவரும் வந்தார். பதினைந்தைக் கழித்த இடத்தில் படகை நிறுத்தி, ஒரு கையை அவிழ்த்துத் தூண்டில் கொடுத்தார்கள். அரை மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. ஆபீஸர் என் தலையைப் பிடித்துப் படகின் விளிம்பில் இடித்தான். புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. இன்னும் பத்து நிமிஷம் என்றான். என் வாழ்க்கையில் நான் மாதாவிடம் கேட்டது அந்த ஒரு மீனைத்தான். கயிறு சுண்டியது. கைநீளக் கலவா ஒன்று வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அடுத்ததும் வந்தது. கிழவர் மீனைப் பார்த்துவிட்டு ஆபீஸரிடம், “வெறும் மீன்காரர்கள்” என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆபீஸர் “கலாஸ்”, முடிந்தது, என்று சொல்லி என் கையிலிருந்து தூண்டிலை வாங்கிக்கொண்டான். பிறகு தன் பையிலிருந்து சின்ன ஜிபிஎஸ் ஒன்றை எடுத்து அந்த இடத்தைப் பதிந்துகொண்டான். மச்சான் மூன்று நாளாகச் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

எங்களை ஊருக்கு அனுப்புவதற்கு முன் ஒரே அறையில் போட்டார்கள். மச்சான் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

“எப்பிடி விட்டானுவ?” என்று கேட்டார்.

“சொல்லிட்டேன் மச்சான்.”

“அந்த ஆபீஸர் எழுதி எடுத்தானா?”

எனக்குப் பொய் வரவில்லை. “மெஷின்ல போட்டுட்டான்.”

நல்ல இடது கையால் என் வாயில் குத்தினார். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் விழுந்தது. அத்தனை நாள் அடியிலும் போகாத பல். “காட்டிக் குடுத்துட்டியேலே, பாவி” என்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போதும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனால், நான் சிரிக்கிறபோது அவள் கண் கலங்கிவிடும். “எனக்க தம்பிக்க பல்லைத் தட்டுன கை அழுகிப் போவட்டும்” என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபிப்பாள். எதிரே மச்சான் கோணல் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். நாங்கள் இருவரும் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.