மூன்று என்று எழுதிய கொப்பி

தெல்தெனியவிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெற்றோல் செட்டில் ஒன்று. குண்டசாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒன்று. அதற்குச் சாவி கேட்க வேண்டும், கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். பஸ்ஸில் மற்றவர்கள் ஜன்னலோர சீட் தேடுவார்கள், நான் இறங்கும் வாசலைத் தேடுவேன். பதினொரு வருஷம் இப்படியே போனது.

அடிவயிற்றில், மூத்திரப்பை இருக்கும் இடத்தில், எரிவும் நோவும். போய் வந்தால் கொஞ்சம் இறங்கும், அரை மணி நேரத்தில் மறுபடி ஏறும். யூரின் டெஸ்ட் எடுத்தால் கிருமி இல்லை என்றே வரும். என் கணவர் அந்த ரிப்போர்ட் துண்டை வாங்கிப் பார்த்து, "எல்லாம் சரின்னுதானே எழுதியிருக்கு, பெறகு என்ன?" என்பார். கெட்ட மனிதர் இல்லை. காகிதத்தை நம்புகிறவர், அவ்வளவுதான். நான் வேலை செய்த புடவைக்கடைப் பிள்ளைகள், "அக்கா மறுபடி டூர் கெளம்பிட்டாங்க" என்று சிரிப்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

கண்டி கிளினிக்கில் ஒரு டொக்டரம்மா, இப்படி நாள்பட்ட நோவு உள்ள பெண்களைச் சேர்த்து ஒரு மருந்து ஆய்வு நடத்துகிறோம், வருகிறீர்களா என்று கேட்டார். அவர் சிங்களத்தில் சொல்ல, மடவளையிலிருந்து வேலைக்கு வரும் தாதி தமிழில் சொன்னார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாதாம்.

"வெறும் குளிசைன்னாலும் பரவாயில்லீங்க மிஸ்" என்றேன்.

உண்மையாகத்தான் சொன்னேன். இந்த நோவு இருக்கிறது என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுத வேண்டும், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இதிலும் சேர முடியாவிட்டால் இனி எவரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சேர்ப்பதற்கு முன் மூன்று நாள் குறிப்பு எழுதச் சொல்லி, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கும் ஒரு கொப்பியும் தந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நேரம், மூத்திரத்தின் அளவு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோவு எத்தனை என்று எழுத வேண்டும். ஜக்கைக் கடைப் பையில் சுற்றி வேலைக்கும் எடுத்துப் போனேன். கண்றாவிதான். ஆனாலும் ஒரு தடவைகூட விடாமல் அளந்தேன்.

நோவுக் கட்டத்தில்தான் கை நின்றது. நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் நோயைப் பெரிதாக வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கூடிவிடும். அம்மா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, "லேசா மேலு சுடுது" என்பாள். அடுத்த வீட்டுக் காம்பராக்காரி பிரசவ நோவில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சந்தான்" என்றாள். எட்டு என்று எழுதினால் அது ஒன்பதாகிவிடும் என்று எனக்குப் பயம். ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், இருந்தும் பயம். எல்லாக் கட்டத்திலும் மூன்று என்று எழுதினேன். கணவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "மூணுதானே" என்றார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தாதி என் பக்கம் திரும்பி, "அஞ்சுக்குக் கொறஞ்சா எடுக்க ஏலாதாம் அக்கா" என்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. "பரவாயில்லீங்க" என்று பையை எடுத்தேன். எத்தனை மணி பஸ் இருக்கும் என்று யோசித்தேன்.

தாதி கொப்பியை மூடாமல் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இரிங்க. ஒரு நாளைக்கு இருவத்தாறு தரம் போயிரிக்கிறீங்க. ஒவ்வொரு தரமும் அரைக் கோப்பகூட இல்ல. மூணு நோவுக்கு யாராச்சும் இருவத்தாறு தரம் போவாங்களா? செல்லுங்க பாப்பம்."

அவர் டொக்டரிடம் சிங்களத்தில் பேசினார். இன்னொரு முறை எழுத ஆய்வு விதியில் இடமுண்டாம். புதுக் கொப்பியை என் கையில் வைத்து, "கூட்டியும் எழுத வேணாம், கொறச்சும் எழுத வேணாம்" என்றார்.

மறுநாள் காலை சமையலறை மேசையருகே நின்றபடி முதல் கட்டத்தில் எட்டு என்று எழுதினேன். எழுதிவிட்டு, கூடுகிறதா என்று காத்திருந்தேன். கூடவில்லை. அது பாட்டுக்கு எட்டாகவே இருந்தது. அட, இதற்கா இத்தனை வருஷம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் கணவர் அந்தக் கொப்பியை எடுத்தார். எட்டு, எட்டு, ஒன்பது, ஏழு. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"மொதல்ல மூணுன்னு இருந்துச்சே?"

"அது நான் தாங்கிக்கிட்டது போக மீதி" என்றேன்.

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கிடைத்தது மருந்தா வெறும் குளிசையா என்று அப்போது தெரியாது. முதல் குளிசை வாங்கப் போன நாள் அவரும் கூட வந்தார். பெற்றோல் செட் வருவதற்குள் எழுந்து போய் பெல்லை அடித்தார். நேரமில்லை என்று கண்டக்டர் கத்தினார். இவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, முதலில் சிங்களத்தில், பிறகு எதற்கோ தமிழிலும், "என் சம்சாரத்துக்குச் சரியான நோவு, பதினோரு வருஷமா! ரெண்டு நிமிஷம் நிப்பாட்டுங்க!" என்றார்.

பஸ் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது போக வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்லாமல் இறங்கிப் போய்வந்தேன்.